பிள்ளையை எப்பள்ளிக்கு அனுப்புவது?

ஆறாம் ஆண்டில் பயிலும் பிள்ளையுள்ள இல்லங்களில், கல்வியாண்டு முடியுங் காலத்தே, ஒரு கவலை வந்து குடிபுகுவதுண்டு. தந்தை வேலையினின்று திரும்பியதும் தாய் அதனைத் தொடங்குவாள். உண்ணும்போது அதுவே பேச்சு; உறங்கப் போகும்போதும் அதுவே பேச்சு. பிள்ளையை அடுத்து எப்பள்ளிக்கு அனுப்புவது என்பதே அக்கவலை.

செராஸ் வட்டாரத்தில் இதனை நன்கு காணலாம். புடுவிலிருந்து காஜாங் நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டித் தாமான் மிடா, தாமான் கன்னாட், பண்டார் துன் ரசாக் முதலிய குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. ஈண்டு ஒரு வீட்டிலிருந்து நடந்து செல்லுந் தொலைவில் ஓர் இடைநிலைப்பள்ளி இருக்கும். இரண்டு மூன்று கல் தொலைவில் இன்னொன்று இருக்கும். இரண்டும் அரசாங்கப் பள்ளிகளே. இரண்டிலும் பாடநூல் ஒன்று, தேர்வு ஒன்று, ஆசிரியருக்குச் சம்பளம் அளிக்குங் கையும் ஒன்று. ஆயினும் நம்மவர் ஒன்றை ‘நல்ல பள்ளி’ என்பர். மற்றொன்றைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவர்.

இஃது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம், இதனை ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். சொந்த விஷயமே, ஆனால் சொந்த விஷயம் மட்டுமன்று. என் பிள்ளைக்கு நான் தேடும் நன்மை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பங்கைக் குறைத்துக் கிடைக்குமாயின், அங்கே அறம் என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. பெற்றோர் தம் பிள்ளைக்காக எதுவரை செல்லலாம்? எவ்விடத்தில் நிற்கவேண்டும்? இக்கேள்வியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தெரிவு என்பது நமக்குப் புதிது

முதற்கண் ஒன்றை நினைவிற் கொள்வோம். இரண்டு பள்ளிகளை எதிரே வைத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று தயங்கும் நிலை நம் பாட்டன் பாட்டியர்க்கு வாய்த்ததில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருக்குந் தோட்டத்தில் பள்ளியொன்று இருத்தல்வேண்டும் என்று விதித்தது. சட்டம் இருந்தது, பள்ளி என்ற பெயரில் ஒரு கொட்டகையும் இருந்தது. பல தோட்டங்களில் கிராணியோ, எழுதப்படிக்கத் தெரிந்த வேறொருவரோ மற்ற வேலைக்கிடையே பாடஞ் சொன்னார். சில ஆண்டுகள் சென்றதும் பிள்ளையின் கையில் பலகை போய் உளி வந்தது. அக்காலத்துக் கேள்வி, எந்தப் பள்ளி என்பதன்று. பள்ளியா, பால்மரமா என்பதே.

பட்டணத்திலோ ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. கோலாலம்பூரில் 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்துப் பொருளுதவியோருள் தம்புசாமிப் பிள்ளை ஒருவர் என்பதைத் தமிழர் பெருமையுடன் நினைப்பர். ஆனால் அங்கே சம்பளம் கட்டிப் படிக்க வேண்டும். பட்டணத்தில் தங்க இடமும் வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டும் எட்டாக் கனி.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் கதவு முழுதும் திறந்துவிடவில்லை. ஆறாம் வகுப்பின் முடிவில் ஒரு நுழைவுத்தேர்வு நின்றது. அதில் தவறியவர்க்கு இடைநிலைப்பள்ளி இல்லை. 1964இல் அத்தேர்வு எடுக்கப்பட்டது. அதன்பின்னரே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பெருந்தொகையாய் இடைநிலைப்பள்ளிக்குள் காலடி வைத்தனர். அவரிற் பலர் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டையும் கடந்தே படிவம் ஒன்றுக்குச் சென்றனர். எனவே, பள்ளியைத் தெரிந்தெடுக்கும் நிலை நமக்கு வந்து இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகவில்லை. புதிதாய்க் கிடைத்த உரிமையை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதில் வியப்பில்லை, வெட்கமுமில்லை.

இன்றைய நிலை

மலேசியாவில் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள. அவை யாவும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அரசாங்க இடைநிலைப்பள்ளிகளில் தமிழை வழிமொழியாகக் கொண்டது ஒன்றும் இல்லை. ஆகவே தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் பன்னிரண்டாம் வயதை ஒட்டி ஓர் ஆற்றைக் கடக்கவேண்டியிருக்கிறது. மொழி மாறுகிறது, ஆசிரியர் மாறுகின்றனர், நூறு இருநூறு பிள்ளைகள் கூடிய சிறுபள்ளியை விட்டு ஆயிரம் பேருக்கு மேற்பட்ட பெரும்பள்ளிக்குள் போகவேண்டும். இக்கடவையில் படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அது நின்றபின், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவதில் வீடு இருக்குமிடமும் பயின்ற தொடக்கப்பள்ளியுமே முன்னிற்கின்றன. ஒதுக்கிய இடத்தில் மனநிறைவில்லாதவர் மேல்முறையீடு செய்யலாம். செராஸிலோ மற்றுமொரு சிக்கல். பெயர் ஒன்றாயினும் அதன் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974 பிப்ரவரி முதல் நாளில் கோலாலம்பூர் சிலாங்கூரினின்று பிரிக்கப்பட்டதன் விளைவு இது. எல்லைக்கோட்டின் இருபுறமும் வாழும் இரு தமிழ்க் குடும்பங்கள் ஒரே கடையில் காய்கறி வாங்குவர். ஒரே கோயிலிற் கும்பிடுவர். ஆனால் பிள்ளைக்குப் பள்ளி கேட்டு இருவேறு கல்வித்துறை வாயிலில் நிற்பர்.

இனி, ‘நல்ல பள்ளி’ என்று நாம் எதனைச் சொல்லுகிறோம் என்று பார்ப்போம்.

நல்ல பள்ளி எது?

கேட்டவுடன் பலர் தேர்வுக் கணக்கைக் காட்டுவர். எஸ்.பி.எம். தேர்வில் ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எண் உண்டு. மிகச் சிறந்த ஏ பிளஸ் என்பதற்கு 0. தவறியோருக்குரிய ஜி என்பதற்கு 9. மாணாக்கர் பெற்ற எண்களையெல்லாம் கூட்டிச் சராசரி காண்பர். எண் சிறிதாகச் சிறிதாகப் பள்ளி உயர்ந்தது எனப்படும். இப்பள்ளிக்கு நான்கு, அப்பள்ளிக்கு ஆறு என்று கேட்டவுடன் பெற்றோர் மனம் நான்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பால்மரம் வெட்டியவர் இக்கணக்கை எளிதில் நம்பமாட்டார். ஒருவனுக்கு இளமரங்கள் நிறைந்த சமநிலம் கொடுக்கப்படுகிறது. மற்றொருவனுக்குப் பட்டை கழிந்த கிழமரங்கள் நிற்கும் மேட்டுநிலம் கொடுக்கப்படுகிறது. பால் நிறுக்குமிடத்தில் முன்னவன் வாளி கனக்கிறது. பின்னவன் வாளி இலேசாயிருக்கிறது. இதனைக்கொண்டு முன்னவன் கைத்திறன் மிக்கவன், பின்னவன் சோம்பேறி என்று சொல்லலாமோ? மரத்தை அறியாமல் வெட்டுபவனை அளப்பது எத்துணைத் தவறு!

பள்ளியும் அத்தகையதே. படித்த பெற்றோரின் பிள்ளைகளும், மாலையில் தனி வகுப்புக்குச் செல்ல வசதியுள்ள பிள்ளைகளும் ஒரு பள்ளியில் மிகுந்திருப்பின் அதன் எண் சிறிதாகவே இருக்கும். தந்தை இரவில் லாரி ஓட்ட, தாய் பகலில் அலுவலகங்கள் கூட்டிப் பெருக்க, அடுக்குமாடி வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் மிகுந்திருப்பின் அதன் எண் பெரிதாகவே இருக்கும். அவ்வெண், பள்ளிக்குள் யார் புகுந்தனர் என்பதைச் சொல்லும் அளவுக்குப் பள்ளி என்ன செய்தது என்பதைச் சொல்வதில்லை. எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளையை ஐந்தாண்டில் தேர்ச்சிபெறச் செய்த ஆசிரியரின் உழைப்பு, ஏற்கெனவே சிறந்திருந்த பிள்ளையைச் சிறந்தவனாகவே வெளியே அனுப்பிய ஆசிரியரின் உழைப்பினும் பெரிது. சராசரிக் கணக்கில் அவ்வுழைப்பு மறைந்துபோகிறது.

கணக்கைப் பார்க்கவே வேண்டா என்று யாம் சொல்லவில்லை. பார்க்கவேண்டியவை வேறு பல உண்டு என்கிறோம். ஆசிரியர் இடங்கள் நிரம்பியுள்ளனவா? தேசியமொழியில் தடுமாறும் படிவம் ஒன்று மாணவனுக்குத் துணை செய்ய ஏற்பாடு உண்டா? படிவம் ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனைபேர் படிவம் ஐந்து வரை நின்றனர்? செருப்புத் தேய்ந்த தந்தையொருவர் அலுவலக வாயிலில் நின்றால் அவரை அமரச்சொல்வார் உண்டா? தமிழ் கற்பிக்கப்படுகிறதா? இவ்வைந்தையும் கேட்டறிய ஒரு காலைப்பொழுது போதும். நம்மிற் பலர் அக்காலைப்பொழுதைச் செலவிடுவதில்லை. புலனக் குழுவில் வந்த வதந்தியே நமக்குப் போதுமாயிருக்கிறது.

பொய் முகவரி

வதந்தியை நம்பியபின் நம்மிற் சிலர் செய்வதென்ன? விரும்பிய பள்ளிக்கருகே உறவினர் வீடு இருப்பின் அவ்வீட்டு முகவரியைத் தம் முகவரியாய் எழுதிக் கொடுக்கின்றனர். பிள்ளையை அழைத்து, “ஆசிரியர் கேட்டால் மாமா வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்” என்று பாடம் புகட்டுகின்றனர். புதிய பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அங்கே காலெடுத்து வைக்குமுன் கற்கும் முதற்பாடம் ஒரு பொய். கற்பிக்கும் ஆசிரியரோ அதனைப் பெற்றவர்.

“எல்லாருந்தாம் செய்கின்றனர், நான் மட்டும் அரிச்சந்திரனாயிருந்து என் பிள்ளை கெடவேண்டுமோ?” என்று அவர் கேட்பர். இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பிள்ளையின் வாழ்வு விளையாட்டன்று. ஆயினும் ஒன்று எண்ணவேண்டும். பள்ளியில் இடங்கள் அளவுபட்டவை. தொலைவிலிருந்து பொய் முகவரியால் புகுந்த பிள்ளை ஒன்று, அருகிலிருந்து மெய் முகவரியோடு வந்த பிள்ளை ஒன்றை வெளியே தள்ளுகிறது. அவ்வாறு தள்ளப்படுவது யாருடைய பிள்ளை? அதிகாரியைக் காணத் தெரிந்தவர் பிள்ளையா? மேல்முறையீட்டுக் கடிதம் எழுத வல்லவர் பிள்ளையா? அல்ல. விதியென்று எண்ணி, ஒதுக்கிய பள்ளிக்கு வாய்பேசாது செல்லும் ஏழையின் பிள்ளையே தள்ளப்படுகிறது. பொய் சொன்னவர் அப்பிள்ளையின் முகத்தைக் காண்பதில்லை. அதனாலேயே அவருக்குத் தூக்கம் வருகிறது.

பெற்றோர் தம் பிள்ளையிடத்து ஓரவஞ்சனையாய் நடப்பது முற்றும் குற்றமா? அன்று. ஊரார் பிள்ளைக்கும் தம் பிள்ளைக்கும் வேற்றுமை பாராத தாய் ஒருத்தியை நாம் போற்றமாட்டோம், அஞ்சுவோம். ஆடம் சுவிஃப்ட் என்னும் ஆங்கில நாட்டு மெய்ப்பொருளறிஞர் இதனைப் பற்றியே, பள்ளி தேடி மனங்குழம்பும் பெற்றோரை முன்னிறுத்தி, 2003இல் ஒரு நூல் எழுதினார். பிள்ளைக்குப் போதிய நல்ல கல்வி கிடைக்கச் செய்வது வேறு, மற்றப் பிள்ளைகளை முந்தச் செய்வது வேறு என்னும் பாகுபாடு அவர் ஆராய்ச்சியில் முதன்மையானது. இப்பாகுபாட்டை நம் நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

அருகிலுள்ள பள்ளியில் ஒரு பிள்ளை அடித்துத் துன்புறுத்தப்படுகிறான். குண்டர் கூட்டம் அவனை இழுக்கிறது. பள்ளியிடம் முறையிட்டும் பயனில்லை. அத்தாய் அவனை வேறு பள்ளிக்கு மாற்ற எத்துணை முயன்றாலும் நாம் குறைகூறோம். அவள் பிள்ளையைக் காக்கிறாள். ஒரு பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி வேண்டும். அஃது அருகில் இல்லை. அவளும் அத்தகையளே. ஆனால் அருகிலுள்ள பள்ளி போதுமானதாயிருந்தும், ‘இன்னாருடைய மகன் அங்கே போகிறான், என் மகன் இங்கே போவதா’ என்னும் எண்ணத்தால் ஓடுவது காத்தலன்று, முந்துதல். காத்தலுக்கு உரிமை பெரிது. முந்துதலுக்கு உரிமை சிறிது. பொய்க்கோ இரண்டிலும் இடமில்லை.

நம்மவரே நம்மவரை ஒதுக்குதல்

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். கசப்பினும் சொல்லியாகவேண்டும்.

செராஸில் ஓர் உணவுக்கடையில் இருவர் உரையாடியதைக் கேட்க நேர்ந்தது. இளையவர் கேட்டார்: “அண்ணே, மகளை எந்தப் பள்ளியில் போடப்போகிறீர்கள்? வீட்டுப் பக்கத்துப் பள்ளி நல்ல பள்ளிதானே?”

மூத்தவர் தலையை அசைத்தார். “பள்ளியில் குறையொன்றுமில்லை, தம்பி. ஆனால் அங்கே நம் பிள்ளைகள்தாம் அதிகம்.”

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கேட்டவரும் மேலே வினவவில்லை, புரிந்துகொண்டார். எதனைப் புரிந்துகொண்டார்? நம் பிள்ளைகள் அதிகமாயிருப்பது ஒரு பள்ளிக்குக் குறை என்பதை நம்மவர் ஒருவர் சொல்ல, நம்மவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். இதே சொல்லைப் பிற இனத்தார் ஒருவர் சொல்லியிருப்பின் கூட்டங்கூட்டிக் கண்டித்திருப்போம்; ஏடுகளிற் கடிதம் எழுதியிருப்போம். நாமே சொல்லும்போது அது முன்யோசனை ஆகிவிடுகிறது!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடுகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறியபோது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்தின் புறம்போக்குகளுக்கும் பின்னர் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. முன்னரே வந்து தரைவீடு வாங்கியவர் பின்னர் வந்தவரை ‘அடுக்குமாடிக்காரர்’ என்கின்றனர். அச்சொல்லின் ஓசையை உற்றுக் கேளுங்கள். பழைய ஊரில் மேலத்தெருக்காரர் கீழத்தெருவைச் சொன்ன அதே ஓசை! சாதியை ஒழிக்கவேண்டுமென்று மேடையில் முழங்குகிறோம். அதனைக் கடலில் எறிந்துவிட்டு வந்ததாகவும் பேசிக்கொள்ளுகிறோம். ஆனால் பிள்ளையின் பள்ளிப் பாரத்தை நிரப்புங்கால், அது வேறு சட்டை அணிந்துவந்து நம் கையைப் பிடித்து எழுதுகிறது. அருகிருந்து படித்தால் ஒட்டிக்கொள்ளுமென்று ஒரு பிள்ளையைக் கண்டு அஞ்சுவது தீண்டாமையன்றி வேறென்ன?

குண்டர் கூட்டம் இல்லையா, கெட்ட பழக்கம் இல்லையா என்று கேட்பர். இருக்கின்றன. அவற்றைக் கண்டு அஞ்சுவது நேர்மையான அச்சம். ஆனால் அவ்வச்சத்துக்குரிய கேள்வி, ‘அப்பள்ளியில் ஒழுங்கு எவ்வாறு பேணப்படுகிறது’ என்பது. ‘அங்கே நம் பிள்ளைகள் எத்தனைபேர்’ என்பதன்று. முதற்கேள்வியைக் கேட்பவர் பள்ளியைப் பற்றி அறிய விரும்புகிறார். இரண்டாவதைக் கேட்பவர் தம்மைப் பற்றியே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.

பெண்பிள்ளையின் பங்கு

இத்தேட்டத்தில் இன்னொரு வேற்றுமையும் உண்டு. மகனென்றால் மாதந்தோறும் வேனுக்குப் பணங்கட்டித் தொலைவிலுள்ள ‘நல்ல பள்ளி’க்கு அனுப்புவர். மகளென்றால், “பக்கத்துப் பள்ளி போதும், பத்திரமாய்ப் போய்வருவாள்” என்பர். பக்கத்துப் பள்ளி போதுமானதாயின் அஃது இருவர்க்கும் போதும். போதாதாயின் இருவர்க்கும் போதாது. ஒரே வீட்டில், ஒரே தாய்வயிற்றில் பிறந்த இருவர்க்கு இருவேறு அளவுகோல் வைப்பானேன்? பத்திரம் என்பது உண்மையான கவலையே. ஆனால் அக்கவலைக்கு விலை கொடுப்பவள் எப்போதும் பெண்ணாகவே இருக்கவேண்டுமென்று எந்த நூல் விதித்தது? பள்ளி தேடும் பெற்றோர், முதலில் தம் வீட்டுக்குள் நீதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயிலைத் தாண்டுவாராக.

பதினைந்து என்னும் எண்

இனித் தமிழுக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில், குறைந்தது 15 மாணாக்கருடைய பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்தல்வேண்டும் என்பதே அது. பதினைந்து என்பது பெரிய எண்ணன்று. ஒரு கலியாணப் பந்தியில் ஒரு வரிசையில் அமர்வோர் தொகையினும் குறைவு. ஆயினும் பல இடங்களில் இவ்வெண் எட்டுவதில்லை, எட்டினாலும் கேட்பாரில்லை.

ஏன் எட்டுவதில்லை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் இருபது பிள்ளைகள் வெளியேறுவதாகக் கொள்வோம். அவர்தம் பெற்றோர் ஒவ்வொருவரும் தனித்தனியே சிறந்த பள்ளியைத் தேடி, பிள்ளைகளைப் பத்துப் பள்ளிகளிற் சிதறச் செய்கின்றனர். பள்ளிக்கு ஆண்டுக்கு இருவர். ஐந்து படிவங்களையும் கூட்டினால் பத்துப்பேர். பத்துப் பள்ளிகளில் ஒன்றிலேனும் பதினைந்து நிரம்பவில்லை. இனி, அதே இருபது பிள்ளைகள் இரண்டு பள்ளிகளுக்குச் சென்றதாகக் கொள்வோம். பள்ளிக்கு ஆண்டுக்குப் பத்துப்பேர். ஐந்து படிவங்களிலும் ஐம்பதுபேர். இரண்டு பள்ளிகளிலும் தமிழாசிரியர் ஒருவரை உரிமையோடு கேட்கலாம். வகுப்பு நேரத்திற்குள்ளேயே தமிழ்ப்பாடம் வேண்டுமென்று வற்புறுத்தலாம். பிள்ளைகள் அதே இருபதுபேர்தாம். பெற்றோரின் அன்பும் அதேதான். முதற்கணக்கில் தமிழ் எங்குமில்லை. இரண்டாவதில் இரண்டிடத்தும் உண்டு.

முதற்கணக்கில் தமிழைக் கொன்றவர் யார்? ஒருவருமில்லை. தமிழ் அழியவேண்டுமென்று ஒரு பெற்றோரும் கருதவில்லை. ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் நலத்தையே கருதினர். கருதாததே விளைந்தது. தனித்தனியே பார்த்தால் குற்றமற்ற செயல்கள், ஒன்றுகூடுங்கால் ஒருவரும் விரும்பாத கேட்டைக் கொணர்தல் உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

“எண்ணிக்கைக்காக என் பிள்ளையைப் பலியிடவோ?” என்று கேட்கலாம். பலியிட வேண்டா. இரண்டு பள்ளிகளும் ஏறத்தாழ ஒத்திருக்கையில், தமிழ் கிடைக்கும் பள்ளியை நோக்கித் தராசு சாயட்டும் என்கிறோம். அண்டை அரசாங்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஒத்தே இருக்கின்றன. வேற்றுமையைப் பெரிதாக்குவது நம் அச்சமே. அதுவுமன்றி, தாய்மொழியை ஆறாம் ஆண்டோடு விட்டுவிட்ட பிள்ளை எதனை இழந்தது என்பதை அப்போது அறியாது. முப்பது வயதில், தன் பாட்டி எழுதிவைத்த கடிதமொன்றைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்கும்போது அறியும்.

நம் பிள்ளைகள் ஒரு பள்ளியிற் கூடினால் பிற இனத்தாரோடு பழகாது ஒதுங்கிவிடுவரோ என்று அஞ்சுவாரும் உளர். ஆயிரம் பேருக்கு மேற்பட்ட பள்ளியில் ஐம்பதுபேர் தமிழ்ப்பாடத்துக்கு ஓர் அறையிற் கூடுவதால் ஒதுக்கம் உண்டாகிவிடாது. மலாய், சீனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே திடலில் பந்தாடிப் பழகும் வாய்ப்பு தேசிய இடைநிலைப்பள்ளியின் பெருநன்மை. தன் மொழி தெரிந்த பிள்ளை அத்திடலில் தலைநிமிர்ந்தே நிற்கும்.

போவோரும் நிற்போரும்

மற்றொன்றும் சொல்லி முடிப்போம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு நிலையம் சீர்கெடுங்கால் அதைச் சார்ந்தோர் முன் இருவழிகள் உள என்றார். ஒன்று வெளியேறுதல், மற்றொன்று குரல் கொடுத்தல். தரத்தைப் பற்றி மிகுந்த அக்கறையுடையோர் முதலில் வெளியேறிவிடுவர். அவரே உள்ளே நின்றிருப்பின் உரக்கக் குரல் கொடுத்திருப்பர் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். பள்ளிகளையும் அதற்குச் சான்றாகக் கொண்டார்.

நம் கண்முன் நடப்பதும் அதுவே. கழிப்பறை பழுதாயிருக்கிறது, கணிதத்துக்கு ஆசிரியர் வரவில்லை, இதனைக் கடிதமாய் எழுதிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடியவர் யார்? எழுத்தறிவும் துணிவும் உடைய பெற்றோர். அவரோ தம் பிள்ளையை வேறிடம் கொண்டுபோய்விட்டார். எஞ்சியவர் இரவுவேலைக்குப் போகவேண்டியவர். கூட்ட அறிவிப்பைக்கூட வாசிக்க நேரமற்றவர். பள்ளி மேலும் தாழ்கிறது. தாழ்ந்ததைக் காட்டி, போனவர் ‘நான் செய்தது சரியே’ என்கிறார். தாழ்ந்ததற்கு அவர் போனதும் ஒரு காரணம் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை.

தோட்டப்புறத்து வாசகர்க்கு இவையெல்லாம் பட்டணத்தார் சங்கடமாய்த் தோன்றலாம். அவர்க்கு ஒரு பள்ளியே பல கல் தொலைவில், தெரிவு எங்கே? ஆனால் அவர் நிலையே நமக்கு ஒரு பாடம். போக வேறிடமில்லாததால் தோட்டத்தார் தங்கள் பள்ளியையே திருத்தினர். கூரை வேய்ந்தனர், பலகை சுமந்தனர், வேலை முடிந்து வந்து திடலைச் சமன்செய்தனர். வேறிடம் உண்டு என்னும் வசதி வந்ததும் நாம் திருத்துவதை மறந்து தேடுவதைக் கற்றுக்கொண்டோம்.

ஆகவே நாம் செய்யத்தக்கது என்ன? ஆறாம் ஆண்டுப் பெற்றோர் யாவரும், இடம் ஒதுக்கும் காலத்துக்குப் பல திங்கள் முன்னரே, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒருநாள் மாலை கூடியமர்வாராக. அண்மையிலுள்ள இடைநிலைப்பள்ளிகளை நாலைந்துபேர் நேரிற் சென்று பார்த்துவந்து, கண்டதைக் கண்டவாறு சொல்வாராக. பெரும்பாலோர்க்கு ஏற்ற இரண்டு பள்ளிகளை அங்கேயே குறித்துக்கொள்வாராக. தமிழ்ப்பாடம் வேண்டுமென்னும் கடிதத்தில் பதினைந்து கையொப்பத்தையும் அன்றே இடுவாராக. மேல்முறையீடு எழுதத் தெரிந்தவர் தெரியாதவர்க்கும் எழுதிக்கொடுப்பாராக. பிள்ளை சேர்ந்தபின், மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் அப்பள்ளியின் படியேறுவாராக. இவற்றுள் ஒன்றுக்கேனும் அரசாங்க மானியம் வேண்டியதில்லை.

தனிக் காரணத்தால் தம் பிள்ளையை வேறிடம் அனுப்ப வேண்டியவர் அனுப்பட்டும். அவரைத் துரோகி என்னோம். ஆனால் அனுப்புமுன் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாராக: ‘யான் இதனைச் செய்வதன் காரணத்தை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாய் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?’ முடியுமாயின் தயக்கமின்றிச் செய்க. உணவுக்கடையில் அப்பெரியவர் குரலைத் தாழ்த்தியதுபோலத் தாழ்த்தவேண்டியிருப்பின், பாரத்தை மடித்துவைத்து இன்னும் ஓரிரவு எண்ணிப்பார்க்க.